மூட்டை தூக்கும் பணியில் ஏற்படும் காயங்கள்: தொழிலாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

கிடங்குகளிலும் சந்தைகளிலும் சரக்கு லாரிகளிலும் மூட்டைகளை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு முதுகு, கழுத்து, தோள், முழங்கால் ஆகிய பகுதிகளில் காயங்கள் ஏற்படுவது வழக்கம். அரிசி, சர்க்கரை, சிமெண்ட் ஆகியவை பெரும்பாலும் 50 கிலோ மூட்டைகளாக வருகின்றன. யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டைகளாகப் பிடிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு நாளில் 50 கிலோ மூட்டைகள் 200 சுமந்தால், மொத்தம் 10,000 கிலோ, அதாவது 10 டன் எடையை அவர் உடல் தாங்குகிறது.

இக்காயங்களில் பெரும்பாலானவை உரிய நேரத்தில் கவனித்தால் குணமாகக் கூடியவை. ஆனால் நாள்கூலி பெறும் ஒருவர் வலியை வெளியே சொல்லத் தயங்குகிறார். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. முதுகுவலி என்று தெரிந்தால் மறுநாள் வேலைக்கு அழைக்கமாட்டார்களோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே, ஊசி போட்டுக்கொண்டு அல்லது மாத்திரை விழுங்கிவிட்டு மீண்டும் மூட்டையைத் தூக்குகிறார். சிறிய காயம் நீண்டகாலப் பாதிப்பாக மாறுவதற்கு இது முக்கியக் காரணம். காயம்பட்ட முதல் நாளில் என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறிகளில் சிறிதும் தாமதிக்கக் கூடாது, வேலைக்குத் திரும்புவது எவ்வாறு என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முதுகில் என்ன நிகழ்கிறது?

முதுகெலும்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புக் கண்ணிகளால் ஆனது. கண்ணிகளுக்கு இடையே டிஸ்க் எனப்படும் இடைவட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டின் வெளிப்புறமும் உறுதியான நார் வளையம். உட்புறம் பசை போன்ற மென்பொருள். குனிந்து நிமிரும்போது உடலின் மேற்பகுதியை இழுத்து நிறுத்துபவை முதுகெலும்பின் பின்புறத் தசைகள். இத்தசைகள் வட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் மட்டுமே அமைந்துள்ளன.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கு காட்டும். 20 கிலோ எடையை வட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், எடையின் தொலைவு தசையின் தொலைவைப் போல் 10 மடங்கு. ஆகவே அந்த எடையைச் சமன்செய்யத் தசைகள் ஏறத்தாழ 200 கிலோவுக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். அதே எடையை உடலோடு ஒட்டி 25 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துக்கொண்டால் இது 100 கிலோவாகக் குறைகிறது. நம் தலை, மார்பு, கைகள் ஆகியவற்றின் எடை இக்கணக்கில் சேரவில்லை. இவ்வளவு விசையும் கீழ்முதுகின் கடைசி இரண்டு வட்டுகளை அழுத்துகிறது. வட்டு பிதுங்குவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிகழ்கிறது.

மூட்டையை முதுகிலோ தலையிலோ ஏற்றியபின் நேராக நடக்கும்போது சுமை முதுகெலும்பை ஒட்டியே இருப்பதால், கீழ்முதுகின்மீது இந்த நெம்புகோல் விளைவு குறைவு. தரையிலிருந்து மூட்டையை எடுக்கும் நொடியிலும், சுமையோடு இடுப்பைத் திருப்பி அடுக்கில் தள்ளும் நொடியிலும் ஆபத்து மிகுதி. குனிதலும் திரும்புதலும் ஒன்றுசேரும்போது வட்டின் நார் வளையம் சிறிது சிறிதாகக் கிழிகிறது. இக்கிழிசல்கள் தொடக்கத்தில் வலியைத் தருவதில்லை. பல மாதங்கள் கழித்து, ஒரு சிறிய பொருளை எடுக்கக் குனியும்போது திடீரென இடுப்பு பிடித்துக்கொள்ளலாம். "அன்று கனமாக எதையும் தூக்கவில்லையே" என்று நோயாளிகள் வியப்பதற்குக் காரணம் இதுவே.

இரவு உறக்கத்தின்போது வட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்றே பருக்கின்றன. காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து பளு தூக்கினால் அவற்றின்மீது அழுத்தம் கூடுதலாக விழும். அதிகாலையில் லாரி வந்தவுடன் சுமை இறக்கத் தொடங்குவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும். சில நிமிடங்கள் நடந்து, முதலில் இடுப்புயரச் சுமைகளை எடுத்துவிட்டு, தரையில் கிடப்பவற்றைப் பின்னர் எடுப்பது நல்லது.

பிற காயங்கள்

• கழுத்து: தலைச்சுமை கழுத்தெலும்பு வட்டுகளை அழுத்துகிறது. சும்மாடு வைப்பது உச்சந்தலையை உறுத்தாமல் காக்கும். கழுத்தின்மீது விழும் எடையைக் குறைக்காது. கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல் ஆகியவை கழுத்து நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளங்கள்.

• தோள்: தலைக்கு மேல் அடுக்கும்போது தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் கிழியலாம். கையைப் பக்கவாட்டில் உயர்த்த இயலாமையும் இரவில் அப்பக்கம் படுக்க முடியாத வலியும் இதன் அறிகுறிகள்.

• குடலிறக்கம்: அடிவயிற்றிலோ தொடைஇடுக்கிலோ ஒரு புடைப்பு தோன்றி, படுத்தால் மறையும். அது உள்ளே செல்லாமல் இறுகி வலித்தாலும், வாந்தி ஏற்பட்டாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

• கொக்கிக் காயம்: மூட்டைக் கொக்கி கையிலோ காலிலோ குத்தினால், காயம் சிறியதாயினும் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தனுர்வாத நோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்கவேண்டும்.

• அடுக்கு சரிதல்: மூட்டை அடுக்கு சரிந்து மார்பிலோ வயிற்றிலோ விழுந்தவருக்கு வெளிக்காயம் இல்லாவிடினும் உள்ளே குருதிப்பெருக்கு இருக்கக்கூடும். அவரை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

முதுகுவலியுடன் பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும், இரவானாலும் விடுமுறையானாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• சிறுநீர் கழிக்க முடியாமை, சிறுநீர் வருவதை உணராமை, அல்லது தானாகக் கசிதல்
• மலத்தை அடக்க இயலாமை
• பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் மரத்துப்போதல்
• இரு கால்களிலும் வலுவிழப்பு. அல்லது ஒரு பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் இழுபடுதல்
• உயரத்திலிருந்து விழுந்தபின் அல்லது அடுக்கு சரிந்தபின் ஏற்பட்ட கடும் முதுகுவலி

முதல் மூன்று அறிகுறிகள், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுக்கப்படுவதைக் காட்டுகின்றன. இந்நிலை அரிதானது. ஆனால் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாலுறவுத் திறனும் கால்களின் வலிமையும் நிரந்தரமாகப் பறிபோகும் வாய்ப்பை அதிகரிக்கிறது. இவற்றைச் சொல்லப் பலர் வெட்கப்படுகின்றனர். குடும்பத்தினர் நேரடியாகக் கேட்கவேண்டும்: "சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா?" இந்த இரு கேள்விகள் ஒருவரின் வாழ்க்கையைக் காப்பாற்றக்கூடும்.

காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுடன் பல வாரங்கள் நீடிக்கும் முதுகுவலியை வேலைப்பளு என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதுகெலும்புக் காசநோயும் இவ்வாறே தொடங்கலாம். ஓரிரு நாள்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

காயம்பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. வேலையை அந்த நொடியே நிறுத்துங்கள். "இந்த லாரி முடியட்டும்" என்று தொடர வேண்டாம்.

2. விழுந்தவரையோ அடுக்கின் கீழ் சிக்கியவரையோ கைகால்களைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மேலும் மூட்டைகள் சரியாமல் பார்த்துக்கொண்டு, அவர்மீதுள்ளவற்றை அகற்றி, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

3. சாதாரணப் பிடிப்பு எனில், மல்லாந்து படுத்து முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைக்கலாம். அல்லது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கலாம். மிதமான சூட்டு ஒத்தடம் ஆறுதல் தரும்.

4. முதுகின்மீது ஏறி மிதித்தல், இழுத்து முறித்தல், பலமாக நீவிவிடுதல் ஆகியவை வேண்டாம். காலில் மரத்துப்போதல் இருக்கும்போது இவை நரம்புப் பாதிப்பை மோசமாக்கக்கூடும்.

5. மேற்பார்வையாளரிடம் அன்றே தெரிவியுங்கள். உடனிருந்து பார்த்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"முதுகுவலி" என்று மட்டும் கூறினால் சீட்டில் அவ்வளவுதான் எழுதப்படும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு எடையுள்ள சுமையை எவ்வாறு தூக்கும்போது வலி ஏற்பட்டது என்பதைக் கூறுங்கள். பணியிடத்தில் நேர்ந்த காயம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யுமாறு கேளுங்கள்.

இதனால் இரு பயன்கள் உண்டு. காயம்பட்ட விதம் தெரிந்தால் எந்தப் பகுதியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவருக்கு விளங்கும். பிற்காலத்தில் இழப்பீடு கோர நேர்ந்தால், முதல் நாள் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு வலுவான சான்றாகும். மூன்று மாதங்கள் கழித்து "வேலையில்தான் வந்தது" என்று நிறுவுவது மிகவும் கடினம். மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள்.

சிகிச்சை எவ்வாறு அமையும்?

மேற்கூறிய அபாய அறிகுறிகள் இல்லையெனில், தொடக்கத்திலேயே ஸ்கேன் தேவைப்படுவதில்லை. வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐ படங்களிலும் வட்டு பிதுக்கம் காணப்படுவதுண்டு. ஆகவே படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

முழு ஓய்வு ஓரிரு நாள்களுக்கு மேல் வேண்டாம். வாரக்கணக்கில் படுத்தே இருந்தால் முதுகுத் தசைகள் வலுவிழந்து, குணமாவது தள்ளிப்போகும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடப்பதில் தொடங்கி, நாள்தோறும் தூரத்தைக் கூட்டுங்கள். சாதாரணத் தசைப்பிடிப்பு சில வாரங்களில் தணியும். வட்டு பிதுங்கிக் காலுக்குப் பரவும் வலியும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவைச் சிகிச்சையின்றியே குறைகிறது. இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளை வலி நின்ற பின்னரும் தொடர்வது அவசியம். நடமாட இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெறும் வாய்ப்பு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலிநிவாரணிகள் குறித்து எச்சரிக்கை

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும். கிழிந்த திசுவை ஒட்டவைக்காது. மருந்தின் உதவியால் வலி தெரியாமல் பளு தூக்கும்போது காயம் பெரிதாகிறது. நீண்ட நாள்கள் உட்கொண்டால் இரைப்பைப் புண், குருதிக்கசிவு, இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம். வெயிலில் வியர்வை சிந்தி உடலில் நீர் குறைந்திருக்கும் தொழிலாளிக்குச் சிறுநீரக ஆபத்து மேலும் கூடுகிறது. ஆகவே:

• மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்ளாதீர்கள்.
• வெவ்வேறு பெயர்களில் உள்ள இரண்டு வலிநிவாரணிகளைச் சேர்த்து விழுங்காதீர்கள்.
• சிறுநீரக நோய், இதய நோய், இரைப்பைப் புண் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுங்கள்.
• மலம் கருநிறமாகச் சென்றாலோ சிறுநீரின் அளவு குறைந்தாலோ மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.
• வலியை மறக்க மது அருந்துவது, மாத்திரையோடு சேர்ந்து இரைப்பைக்கு இருமடங்கு கேடு.

மீண்டும் பணிக்குத் திரும்புதல்

வலி முற்றிலும் மறையும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. அதேபோல், வலி சற்றுக் குறைந்தவுடன் 50 கிலோ மூட்டையைத் தூக்குவதும் தவறு. படிப்படியாகத் திரும்புவதே முறை. மருத்துவரின் அறிவுரைப்படி அது இவ்வாறு அமையலாம்:

• முதற்படி: மூட்டைகளை எண்ணுதல், எடை பதிதல், மூட்டை வாய் தைத்தல் போன்ற பளுவற்ற பணிகள், இடையிடையே எழுந்து நடத்தல்
• இரண்டாம் படி: இடுப்புயரத்தில் உள்ள சிறு சுமைகள், தரையிலிருந்து தூக்குதல் இல்லை
• மூன்றாம் படி: தள்ளுவண்டியுடன் வேலை, இருவராகச் சேர்ந்து தூக்குதல்
• நான்காம் படி: வழக்கமான பணி, குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி

ஒரு படியில் வலி காலுக்குப் பரவினாலோ மறுநாள் காலையில் கூடுதலாக இருந்தாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள். "இலகுவான பணி மட்டும்" என்ற குறிப்பை மருத்துவரிடம் எழுத்தில் பெற்று மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். குழுவாகக் கூலி பிரித்துக்கொள்ளும் இடங்களில், காயம்பட்டவருக்கு இலகுவான பணியை ஒதுக்குவது குறித்துக் குழுவினர் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நன்று. நாளை அத்தேவை எவருக்கும் வரலாம்.

தடுப்பது எவ்வாறு?

எவ்வளவு எடை பாதுகாப்பானது? ஆண் தொழிலாளர் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கீட்டு முறை, எல்லாச் சூழலும் உகந்ததாக இருக்கும்போதே 23 கிலோவை உச்ச அளவாகக் கொள்கிறது. தரையிலிருந்து தூக்குதல், உடலைத் திருப்புதல், அடிக்கடி தூக்குதல் ஆகியவை சேரும்போது அவ்வளவு மேலும் குறைகிறது. 50 கிலோ மூட்டையை இருவர் சேர்ந்து தூக்கினாலும் ஒருவருக்கு 25 கிலோ. எனவே சரியாகத் தூக்கும் பயிற்சி மட்டும் போதாது. வேலை நடைபெறும் முறை மாறவேண்டும்.

கிடங்கு நிர்வாகத்திடம் நீங்கள் கேட்கக்கூடியவை:

• தள்ளுவண்டி, சக்கரப்படுகை, சரிவுப் பலகை. இயன்ற இடங்களில் நகரும் பட்டை
• மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்ட மேடைமீது வைத்தல்; தூக்கும் உயரம் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையே அமைதல்
• அடுக்கின் உயரத்துக்கு வரம்பு; செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி அடுக்குதல்
• சிந்திய தானியத்தை உடனுக்குடன் பெருக்குதல். வழுக்காத பலகை, போதிய வெளிச்சம்
• குடிநீர், நிழல், இடைவேளை

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

• கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள்.
• திரும்ப வேண்டுமெனில் இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.
• இருவர் தூக்கும்போது ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க, ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் இறக்குங்கள்.
• கால்விரல்களை மூடும் உறுதியான காலணி அணியுங்கள்.
• கருவுற்ற பெண்களும் 18 வயது நிரம்பாதவர்களும் கனமான சுமை தூக்கக் கூடாது.

உதவியும் உரிமையும்

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் காப்பீடு பெற்றவர், பணியிடக் காயத்தால் வேலை செய்ய இயலாத காலத்திற்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காட்டைப் பணப்பயனாகப் பெறலாம். தகுதியுள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் அடங்குவர். காப்பீட்டு எண் உங்களுக்கு வழங்கப்பட்டுள்ளதா என்பதைக் காயம்படும் முன்பே கேட்டறியுங்கள். இத்திட்டத்தில் இல்லாதவர்கள் பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டைச் சட்டப்படி கோரலாம். இவ்வுரிமையை வழங்கும் சட்டம் நம் நாட்டில் 1923இல் இயற்றப்பட்டது. அமைப்புசாராச் சுமைப்பணித் தொழிலாளர்கள் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால், விபத்தால் ஏற்படும் உடல் திறன் இழப்புக்கு நிதியுதவி கோர வழியுண்டு. பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விவரங்கள் பெறலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்புப் பட்டை அணிந்தால் காயம் வராதா?
பட்டை காயத்தைத் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அது தரும் துணிவால் கூடுதல் எடை தூக்கும் அபாயம் உண்டு. மருத்துவர் கூறிய குறுகிய காலத்திற்கு மட்டும் அணியலாம்.

வட்டு பிதுங்கியவர் இனி எப்போதும் சுமை தூக்க முடியாதா?
பலர் படிப்படியாகப் பணிக்குத் திரும்புகின்றனர். ஆனால் பழைய முறையிலேயே தூக்கினால் மீண்டும் வர வாய்ப்புண்டு. நரம்பு வலுவிழப்பு ஏற்பட்டவர்களுக்கு மாற்றுப்பணியே பொருத்தம்.

குடும்பத்தினர் எவ்வாறு உதவலாம்?
மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நாள்தோறும் நடக்கத் துணையிருங்கள். காலில் மரத்துப்போதலும் சிறுநீர்த் தடையும் உள்ளனவா என்று கேளுங்கள். "எப்போது வேலைக்குப் போவாய்?" என்ற கேள்வி அவரை வலியை மறைக்கத் தூண்டும், "இன்று எவ்வளவு நடக்க முடிந்தது?" என்று கேளுங்கள்.

உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், அவசர நிலையில் 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். வலி ஏற்பட்ட அன்றே சொல்லுங்கள், அன்றே பதிவு செய்யுங்கள், அன்றே பளு தூக்குவதை நிறுத்துங்கள். ஒரு நாள் கூலியை இழப்பது கடினமே. எனினும் அந்த ஒரு நாள் ஓய்வு, வரவிருக்கும் பல ஆண்டுகளின் உழைப்பைக் காக்கக்கூடியது.